பெயர்ச்சொல்லுக்கு அடிக்கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் "அப்புறம் பேசுகிறேன்பா" என்று நீ சொல்கிறாய், நானும் சரி என்று வைத்துவிடுகிறேன். அந்த அப்புறம் வந்தபாடில்லை. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தம்பி வேலைக்குப் போய் வருகிறான். உன் அத்தை அந்த ஜன்னல் விஷயத்தை இன்னும் விடவில்லை. நீ நேரத்துக்குத் தூங்கு.

நான் இங்கிலீஷ் இலக்கணம் படிக்கிறேன். சிரிக்காதே. உன் செய்திகளைத் தம்பிதான் படித்துச் சொல்வான். நீ எட்டு வரி அனுப்பினாலும் "நல்லா இருக்காளாம்" என்று முடித்துவிடுகிறான். எட்டு வரியிலும் அது ஒன்றுதானா இருக்கும்? நானே படித்துக்கொள்கிறேன் என்று நீலப் பெட்டியைத் திறந்து உன் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் உன் கையெழுத்து, அப்போதே என்ன அழகு!

முதல் பாடமே நவுன். லத்தீனில் 'நோமென்' என்றால் பெயர், அதிலிருந்து வந்த சொல்லாம். நம்மவர்களும் பெயர்ச்சொல் என்றுதானே வைத்தார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆள், இடம், பொருள், எண்ணம் இவற்றின் பெயர் நவுன் என்று புத்தகம் சொல்கிறது. நம் பள்ளிக்கூடத்தில் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அது எனக்கு இன்னும் மனப்பாடம்.

ஆனால் இந்த விளக்கத்தை நம்பிக் கோடு போட்டால் பாதி தப்பாகிறது. 'அரைவ்' வினை, 'அரைவல்' பெயர். இரண்டுமே வந்து சேர்வதைத்தான் சொல்கின்றன. 'வாட்டர்' தண்ணீர்தானே, கண்ணை மூடிக்கொண்டு பெயர் என்றேன். செடிக்குத் தண்ணீர் ஊற்று என்பதற்கும் அதே 'வாட்டர்', அங்கே அது வினையாம். 'ரெகார்ட்' என்பதில் முதல் அசையை அழுத்தினால் பெயர், இரண்டாவதை அழுத்தினால் வினை. எழுத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பத்து நாள் திண்டாடினேன்.

அப்புறம் ஒருநாள் பிடிபட்டது. சொல் என்ன அர்த்தம் தருகிறது என்று பார்க்கக் கூடாது, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தமிழில் 'ஐ' சேர்த்துப் பார்த்தால் போதும். மரத்தை, பயணத்தை, அன்பை எல்லாம் ஒட்டும். 'போனேன்' என்பதோடு ஒட்டிப் பார், ஒட்டாது. இங்கிலீஷில் முன்னால் 'எ', 'தி', 'மை', 'ஹிஸ்' வருகிறதா, பின்னால் 'எஸ்' போட்டுப் பன்மை ஆக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 'ஐ வாக்' என்றால் வினை. 'எ லாங் வாக்' என்றதும் அதே சொல் பெயராக மாறி நிற்கிறது. 'நெஸ்', 'மென்ட்', 'ஷன்', 'ஷிப்', 'ஹுட்' என்று வால் முளைத்திருந்தால் பெரும்பாலும் பெயர்தான். எல்லாப் பெயருக்கும் பன்மை கிடையாது, அது வேறு தொல்லை. 'அட்வைஸ்' எண்ண முடியாத பெயர், 'எஸ்' போடக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். உங்களுக்கென்றே வைத்த விதி என்றாள்.

'நியூஸ்' என்பதில் 'எஸ்' இருக்கிறது, ஆனாலும் ஒருமை. செய்தி இல்லை என்றால் நல்ல செய்தி என்று இங்கிலீஷில் ஒரு பழமொழி இருக்கிறதாமே. அதைச் சொன்னவனுக்குத் தூரத்தில் ஒரு மகள் இருந்திருக்க மாட்டாள்.

சரி, எல்லாம் படித்தாயிற்றே என்று உன் செய்திகளிலேயே பயிற்சி செய்தேன். கோபப்படாதே, என் போனுக்கு வந்தவற்றைத்தான். இரண்டு வருடத்தையும் நோட்டில் எழுதி, பெயர்களுக்கு மட்டும் கோடு போட்டேன். முதல் வருடத்தில் கோடு போட்டு மாளவில்லை. வீடு, அலமாரி, மழை, பக்கத்து வீட்டுப் பூனை. ஊர், ஆள், கிழமை, மாதம் இவற்றின் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்கும் என்பதால் அவை சுலபம். ஒரு பெயர் வரிக்கு வரி வந்தது. சில நாள் இரண்டு முறைகூட.

இந்த வருடத்தில் கோடு குறைந்துவிட்டது. போனேன், வந்தேன், வேலை, களைப்பு, தூங்கப் போகிறேன். 'வி', அதாவது நாங்கள், என்று எழுதிக்கொண்டிருந்த இடத்தில் எல்லாம் 'ஐ', அதாவது நான், நிற்கிறது. பெரிய எழுத்தில் தொடங்குகிற அந்தப் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன். மாசியிலிருந்து எங்கேயும் இல்லை. நான் புதிதாகப் படிக்கிறவன், கண்ணில் படாமல் போயிருக்கலாம். தம்பியிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை, எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நீ நேரத்துக்குத் தூங்கு. கண் கெடும். முன்பெல்லாம் எதைக் கேட்டாலும் பட்டென்று சொல்லிவிடுவாய், உன்னைப் பற்றி எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது 'ஃபைன்' என்று ஒரு சொல். அது பெயர்கூட இல்லை. அபராதம் என்றால்தான் பெயராம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன்.

உன் புத்தகத்தின் 14ஆம் பக்கத்தில் பயிற்சி இருக்கிறது. பெயர்ச்சொற்களுக்கு அடிக்கோடு இடுக. ஒரு வாக்கியத்தில் 'ஹிஸ் ஃபியர்' என்று வருகிறது. அந்த 'ஃபியர்' என்ற சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு போட்டு, ரப்பரால் அழித்திருக்கிறாய். தடம் இன்னும் தெரிகிறது. மேலே டீச்சரின் சிவப்பு மை வட்டம். நீ அன்று என்னிடம் கேட்டாய், நினைவிருக்கிறதா? ஃபியர் பெயரா அப்பா என்று. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தொட்டுப் பார்க்க முடிகிறதுதான் பெயர், பயத்தைத் தொட முடியுமா, அழி என்றேன். அதட்டித்தான் சொன்னேன். முன்னால் 'ஹிஸ்' நிற்கிறது, பெயர்தான். நீ போட்டது சரியாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாய். பயமாக இருக்கிறது அப்பா என்றாய். பயமாவது ஒன்றாவது, எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்று சொல்லிவிட்டு, நான் பத்திரிகைக் கட்டை எண்ணப் போய்விட்டேன். எதைக் கண்டு பயம் என்று கேட்டிருக்க வேண்டும். நீ அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் சொன்னதால் தெளிந்துவிட்டாய் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று அந்தச் சொல்லுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுவிட்டேன். உன் புத்தகம், கேட்காமல் எழுதிவிட்டேன்.

இரவில் போன் என் தலைமாட்டில்தான் இருக்கிறது. எத்தனை மணியானாலும் எடுப்பேன். அம்மாவை எழுப்ப மாட்டேன்.

அப்பா