பி.எட். பள்ளிப் பயிற்சி: 16 வாரமும் ரெக்கார்டு எழுதவே போய்விடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கி, பள்ளிப் பயிற்சிக்கு மொத்தம் 20 வாரம் ஒதுக்கின. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில் வருகிறது. பயிற்சிக் காலத்துக்கு 90 விழுக்காடு வருகை கட்டாயம். நாள்களுக்குக் குறையில்லை. அந்த நாள்கள் எப்படிச் செலவாகின்றன என்பதுதான் எங்கள் கவலை.

பள்ளிக்குப் போகுமுன் கல்லூரியில் நுண்ணிலைக் கற்பித்தல் நடக்கும்; சக மாணவர்களுக்குச் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகுவது அது. 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டமிடல், 6 நிமிடம் மறுகற்பித்தல், மீண்டும் 6 நிமிடம் பின்னூட்டம் என்று 36 நிமிடச் சுற்று அது. நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுப்படுவது மறுகற்பித்தல்தான். குறையைத் திருத்திப் பார்க்கும் ஒரே கட்டம் அது. அதை விட்டுவிட்டால் மற்ற நிமிடங்களும் வீண்.

இன்னொரு சிக்கல், மாணவர் இடத்தில் உட்காருபவர்கள் உடன் படிக்கும் பட்டதாரிகள். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டால் 5/6 என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பில் 2/5 என்று பதில் வரும். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிய கணக்கு. பயிற்சிக்கு வந்த புதியவர் திகைத்துப்போய், "தப்பு, அடுத்தவன் சொல்லு" என்று நகர்ந்துவிடுவார். "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?" என்று அந்தப் பிள்ளையையே கேட்டு, ஒரு காகிதப் பட்டையை ஆறாக மடித்து மூன்றையும் இரண்டையும் எண்ணவைத்தால் பிழை அங்கேயே தெளியும். அதற்குப் பழக, நுண்ணிலை வகுப்பிலேயே மூன்று பேரிடம் துண்டுச் சீட்டில் தவறான விடைகளைக் கொடுத்துச் சொல்லவைக்கலாம்.

பள்ளிக்குள் வந்ததும் ரெக்கார்டு சுமை தொடங்குகிறது. ஒரு பாடவேளைக்கான பாடத்திட்டம், கற்றதை அளக்கும் அடைவுச் சோதனை, ஒரு மாணவரைப் பற்றிய தனியாள் ஆய்வு, வகுப்பறைச் சிக்கலுக்குத் தீர்வு தேடும் செயலாராய்ச்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. பாடம் நடத்தி முடித்த பிறகு, மூத்த மாணவரின் நோட்டைப் பார்த்து "மாணவர்கள் அறிந்துகொள்வர்" என்று பாடத்திட்டம் எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் பாடம் நடத்த முடியாது. ஒரு பக்கம் போதும்: இன்று பிள்ளைகள் எதைச் செய்துகாட்ட வேண்டும், எந்த மூன்று தவறான விடைகள் வரக்கூடும், அவற்றுக்கு என்ன கேள்வி கேட்பது. பாடம் முடிந்த அன்றே அரைப் பக்கம்: யார் என்ன சொன்னார்கள், எங்கே தடுமாறினார்கள். இப்படி இருபது எழுதினால் அடுத்த ஆண்டு வேலைக்குப் போகும்போதும் உதவும்.

பயிற்சி மாணவருக்குத் துணையாகப் பள்ளியில் இருக்கும் வழிகாட்டி ஆசிரியரின் பங்கு இதைவிடப் பெரிது. பயிற்சி மாணவர் வந்துவிட்டார் என்று வகுப்பை ஒப்படைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவதும், ஆசிரியர் வராத வகுப்புகளுக்கெல்லாம் பயிற்சி மாணவரை அனுப்புவதும் நடக்கின்றன. வாரத்துக்கு இரண்டு பாடவேளையாவது வழிகாட்டி ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். கையில் வகுப்பின் இருக்கைப் படம் இருந்தால் போதும். யாரிடம் கேள்வி போகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. பாடம் முடிந்து பார்த்தால் கோடுகள் பெரும்பாலும் முதல் இரண்டு வரிசையிலேயே குவிந்திருக்கும். இதை வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், படத்தைக் காட்டினால் நம்புவார்கள். கரும்பலகை எழுத்து தெரிகிறதா என்பதும் அந்த பெஞ்சிலிருந்துதான் தெரியும். கேள்வி கேட்டபின் பயிற்சி மாணவர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பதையும் எண்ண வேண்டும். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பின்தங்கிய பிள்ளைகளும் வாய் திறந்தார்கள்.

முதல் வாரத்திலேயே முழு வகுப்பையும் தலையில் கட்டுவதும் தவறு. இரண்டு வாரம் பார்வையிடல், அடுத்த இரண்டு வாரம் பாதிப் பாடவேளை, பிறகு முழுப் பாடவேளை என்று போகலாம். பார்வையிடும்போது ஒரே மாணவரைத் தமிழ், கணக்கு, அறிவியல் வகுப்புகளில் தொடர்ந்து கவனித்தால், ஒரு வகுப்பில் மௌனமாக இருப்பவர் இன்னொன்றில் கைதூக்குவது தெரியவரும். காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் இந்த 16 வாரத்துக்குள் வந்தால் அவற்றைக் கழித்துக் கணக்கிட வேண்டும்.

தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் ரெக்கார்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மறுகற்பித்தலுக்கும் பாடத்துக்குப் பின் எழுதும் குறிப்புக்கும் மதிப்பெண் தர வேண்டும். பள்ளிக் கல்வித் துறை, வழிகாட்டி ஆசிரியரின் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பாடவேளையைக் குறைத்து, அந்த நேரத்தைக் கடைசி பெஞ்சுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.