வெலிங்டனில் இருக்கும் மகளுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

பத்திரிகையில் போட்டோ எடுக்கும் வேலையை விட்டுவிட்டு ஆவணப்படம் எடுக்கப் போகலாமா என்று போனில் கேட்டாய். உன் இஷ்டம்மா என்று சொல்லி வைத்துவிடக்கூடிய கேள்வி இல்லை அது. போட்டோவுக்குப் பழகிய கையும் கண்ணும் இனி எதற்கும் உதவாமல் போய்விடுமோ என்பதுதான் உன் பயம் என்று எனக்குப் புரிந்தது. போகாது. நீ போ. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று விளக்கத்தான் இந்தக் கடிதம்.

நியூசிலாந்துப் புகைப்படக்காரர் பிரையன் பிரேக்கைப் பற்றிய புத்தகம் ஒன்றை அனுப்பியிருந்தாய் அல்லவா, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதும் படித்துவிட்டேன். பேர் தெரியாவிட்டாலும் அவர் எனக்குப் பழைய ஆள்தான். அப்பாவின் ஸ்டூடியோவில் அமெரிக்காவின் பழைய லைப் படப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருக்கும். துரை பங்களாவில் படித்துக் கழித்ததை ரப்பர்த் தோட்டத்து ஆபீசின் பெரிய கிராணி வாங்கி வந்து அப்பாவிடம் கொடுப்பார். 1961-இல் வந்த ஓர் இதழில் இந்தியாவின் மழைக்காலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக வண்ணப் படங்கள். நடுவில் ஒரு பெண்ணின் முகம். தலையில் சிவப்பு முக்காடு, மூடிய கண், வானத்தைப் பார்த்துத் தூக்கிய முகம், நெற்றியிலும் கன்னத்திலும் நீர்த்துளிகள். மூக்கில் பச்சைக் கல்.

அந்தப் பச்சைக் கல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அப்போது எனக்கு ஸ்டூடியோவில் வேலையே கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுவதுதான். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, எண்ணெய் வண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் எடுத்து, கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மங்க வைக்க வேண்டும். உதட்டுக்குத் தனிக் குச்சி. நகைக்கு மஞ்சள், அதன் ஓரத்தில் துளி பழுப்பு. கூறைச்சேலைக்குச் சிவப்பு எவ்வளவு பூசினாலும் எடுக்காது. பக்கத்தில் ஒரு வாழை இலையோ மரகதப் பதக்கமோ பச்சையாக வந்துவிட்டால் அதே சிவப்பு எரியும். கை பட்டுப் பட்டு நான் கற்றுக்கொண்ட சங்கதியை, யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஒரு மூக்குத்திக் கல்லில் செய்து காட்டியிருந்தார்.

அந்தப் பெண் யார் என்று உன் புத்தகத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த அபர்ணா. அப்போது பதினான்கு வயது. சத்யஜித் ராய் படத்தில் நடிக்கத் தொடங்கிய சமயம். மாடியில் நிற்கவைத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளியால் மேலேயிருந்து ஊற்றி எடுத்த படமாம் அது. மூக்கு குத்தாத பெண், பசை போட்டுக் கல்லை ஒட்டியிருக்கிறார்கள். சிவப்பு உடைக்குச் சிவப்புக் கல்லே வைக்கலாமே என்று அவர் சொன்னாராம், இல்லை, பச்சைதான் என்று பிரேக் முடிவாகச் சொல்லிவிட்டாராம். கிட்டத்தட்ட அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று பிற்காலத்தில் அபர்ணாவே சொல்லியிருக்கிறார். பின்னாளில் அபர்ணா சென் என்று பேர் எடுத்து, 1981-இல் தன் முதல் படத்தை இயக்கி, கேமராவுக்குப் பின்னால் போய் நின்றதும் அதே பெண்தான். உனக்கு இதைச் சொல்வதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

அப்படியென்றால் அந்த மழை பொய்யா என்று நீ கேட்பாய். நானும் நிறைய யோசித்தேன். பிரேக் 1960-இல் இந்தியாவில் மழையின் பின்னாலேயே ஊர் ஊராக அலைந்தவர். காய்ந்து வெடித்த நிலத்தையும் பார்த்தார், வெள்ளத்தையும் பார்த்தார். மேகம் மூடினால் வெளிச்சம் ஏது? அந்தக் காலத்துக் கோடாக்ரோம் வண்ணச் சுருள் வேகம் குறைந்தது, நிறைய வெளிச்சம் கேட்கும், ஏஎஸ்ஏ 10 என்று டப்பாவில் போட்டிருக்கும். நீ இப்போது கைபேசியில் இருட்டறைக்குள்ளேயே எடுத்துவிடுகிறாய். அவர்கள் மழை இருட்டில் அந்தச் சுருளைக் கட்டிக்கொண்டு மல்லுக்கு நின்றவர்கள். அவ்வளவு பாடுபட்டவர், முதல் மழை ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதை ஒரே முகத்தில் காட்ட நினைத்து அந்தப் படத்தை உருவாக்கினார். அழகான படம், இன்றைக்கும் என் மனதில் நிற்கிற படம். ஆனாலும் நம் சனங்களைப் படம் எடுக்கப் போனால் நீ அந்த வழியில் போகக்கூடாது. யார் தலையிலும் தண்ணீர் ஊற்றாதே. நம்மூரில் மழைக்குப் பஞ்சமா? காத்திரு, வரும்.

மழை என்றதும் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. இந்தியாவில் மழையைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். தோட்டத்தில் பாட்டி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முதலில் காதைத்தான் தீட்டுவார், தகரக் கூரையில் சத்தம் கேட்கிறதா என்று. கேட்டால் அடுப்பு மூட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாலும் மேற்பார்க்கும் மண்டோர் திருப்பி அனுப்பிவிடுவார். மரப்பட்டை நனைந்திருந்தால் ரப்பர் பால் வெட்டிய கோட்டில் இறங்காது, மரம் பூராவும் வழிந்து வீணாகும். வெட்டி முடித்தபிறகு கொட்டிவிட்டாலோ பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தில் இருக்கிறதும் தண்ணியாகிப் போகும். நாள் சம்பளக்காரருக்கு வேலை இல்லாத நாள் சம்பளம் இல்லாத நாள். மாதக் கடைசியில் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதுதான் எத்தனை நாள் மழை பெய்தது என்று எங்களுக்கெல்லாம் சரியாகத் தெரியும்.

பாட்டி மழையில் நிற்கும் போட்டோ ஒன்று இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பச்சைப் பசேலென்று மரம், நனைந்த பெண், அழகாக இருக்கிறது என்பார்கள். அந்தக் கணக்குப் புத்தகம் அந்தப் போட்டோவில் இருக்காது பாப்பா. போட்டோவுக்கு ஒரு நொடிதான் சொந்தம். மழையிலிருந்து சம்பள நாள் வரைக்கும், சம்பள நாளிலிருந்து கடை வாசல் வரைக்கும் கூடவே நடந்து போக ஆவணப்படத்தால் முடியும். நீ அந்தப் பக்கம் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

பிரேக்கும் போய்விட்டு வந்த பாதைதான் இது. ஆர்தர்ஸ் பாஸ் என்ற மலையூரில் பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் வளர்ந்த பையன். வெலிங்டனுக்கு வந்து ஸ்பென்சர் டிக்பியின் ஸ்டூடியோவில் முகப்படம் எடுக்கப் பழகினார். அப்பாவும் அப்படித்தானே தொடங்கினார். 1948-இல் உங்கள் ஊர் அரசாங்கத்தின் தேசியப் படப்பிரிவில் உதவி ஒளிப்பதிவாளராகச் சேர்ந்தார். ஆக, அவர் ஆவணப்படத்தில் இருந்துதான் பத்திரிகைக்கே போனார். அங்கே பனிமலைகளைப் பற்றி அவர் எடுத்த ‘ஸ்னோஸ் ஆஃப் அவோராங்கி’ என்ற குறும்படம்தான் ஆஸ்கார் பரிந்துரைக்குப் போன முதல் நியூசிலாந்துப் படம். அதற்குள் அவர் லண்டனுக்குப் போய், பேர்பெற்ற புகைப்படக்காரர்களான எர்ன்ஸ்ட் ஹாஸையும் கார்த்தியே-பிரெசோனையும் சந்தித்து, அவர்களுடைய மேக்னம் குழுவில் சேர்ந்துவிட்டார். பிக்காசோவைக் காளைச் சண்டை மைதானத்தில் படம் பிடித்தார், 1957-இலும் 1959-இலும் சீனாவுக்குப் போனார். வெளிநாட்டுக் கேமராக்காரர்களைச் சீனா எளிதில் உள்ளே விடாத காலம் அது.

அப்புறம்தான் நீ கவனிக்க வேண்டியது. 1962-இல் ஹாங்காங்கில் குடியேறி, லைப் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டு நல்ல பேரோடு இருந்தவர், 1967-இல் மேக்னத்தை விட்டு விலகினார். 1970-இல் ஸோடியாக் பிலிம்ஸ் என்று சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கி, இந்தோனேசியாவைப் பற்றி ஆவணப்படங்கள் எடுக்க ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வீடு டிவி வந்து, படப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. வாரா வாரம் வந்த லைப்பே 1972 டிசம்பரோடு நின்றுபோனது. இப்போது உன் பத்திரிகையில் ஆள் குறைக்கிறார்கள் என்று சொன்னாயே, அதே கதைதான் அன்றைக்கும். அந்த வயதில், அந்தப் பேரோடு இருந்த மனிதர் புதிதாகத் தொடங்கத் தயங்கவில்லை. 1976-இல் ஊர் திரும்பிய பிறகும் கேமராவை மூட்டை கட்டவில்லை. மாவோரி மக்களின் மரச் சிற்பங்களையும் பச்சைக் கல் பொருள்களையும் எடுத்தார். 1988-இல் மாரடைப்பில் காலமானார். அவர் எடுத்த படங்கள் எத்தனையோ ஆயிரம் நீ இருக்கும் ஊரிலேயே தே பாபா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விடுமுறை நாளில் போய்க் கேட்டுப் பார். மழைக்காலப் படங்களை அச்சில் பார்த்திருக்கிறாய், மூலத்தைப் பார்த்துவிட்டு வா. சிவப்பு எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது.

ஆவணப்படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தகவல் இலாகா வேன் தோட்டத்துத் திடலுக்கு வரும். வெள்ளைத் துணி கட்டி மலாயா பிலிம் யூனிட் படங்களைப் போடுவார்கள். பாய் எடுத்துக்கொண்டு போய் முன் வரிசையில் இடம் பிடிப்போம். ரப்பரைக் காட்டுவார்கள், பால் வெட்டுவதைக் காட்டுவார்கள், தமிழில்கூடப் பேசுவார்கள். ஆனால் பேசுகிறவர் திரையில் இருக்க மாட்டார். வெட்டுகிற அம்மா வாய் திறக்க மாட்டார். எங்கிருந்தோ ஒரு குரல் அவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே போகும். பாட்டி அதைப் பார்த்துவிட்டு, “கத்தியப் புடிச்சிருக்கவளக் கேட்டா அவ சொல்ல மாட்டாளா?” என்பார். நீ கேள். கேட்டுவிட்டு அவர்கள் சொல்லி முடிக்கிறவரைக்கும் குறுக்கே பேசாதே. போட்டோ எடுக்கிற காலத்தில் நீ வாய் திறக்காமல் நின்று பார்ப்பாயே, அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே.

வண்ணத்தையும் விட்டுவிடாதே. இப்போது வருகிற ஆவணப்படங்களில் ஏழைகளைக் காட்டினாலே எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் சாம்பல் நிறமே கிடையாது. வாசலில் செம்பருத்தி, கொடியில் ஊதாச் சேலை, நீலம் அடித்த கதவு, தீபாவளிக்கு மறுபடியும் நீலம். பால் வெட்டப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டை பூராவும் ஒட்டுப்பால் கறை, ஆனால் தலையில் கட்டுகிற துணி நல்ல மஞ்சளாக இருக்கும். கஷ்டப்பட்டோம், நிறத்தோடு கஷ்டப்பட்டோம். அதை அப்படியே எடு.

பணத்தைப் பற்றி நீ யோசிப்பாய். போட்டோவுக்கு ஓர் ஆள் போதும், படத்துக்கு ஒலி பதிவதற்கும் வெட்டி ஒட்டுவதற்கும் ஆள் வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். அதனால் வேலையை இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடாதே. முதல் படத்தைச் சின்னதாக எடு, லீவு போட்டு எடு, இங்கே வந்து எடு. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் வீடு இருக்கிறது. அண்ணன் கார் தருகிறேன் என்கிறான். ஒலிப்பதிவுக்கு மட்டும் தெரிந்த ஆளாகப் பார். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், பேச்சு கேட்காவிட்டால் எதுவுமே இல்லை.

அக்டோபர், நவம்பரில் வா. நம் பேராக் மாநிலத்தில் நல்ல மழை அப்போதுதான். நம் தோட்டத்தில் ரப்பர் மரம் ஏது, பூராவும் செம்பனை ஆகிவிட்டது. ஆனால் லிந்தாங் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் பால் வெட்டுகிறார்கள். மழை நாளில் அவர்களும் வீட்டில்தான் இருப்பார்கள், பேசுவதற்கும் நேரம் இருக்கும். பழைய லயத்திலிருந்து வந்து இப்போது தாமான் குடியிருப்பில் இருக்கிற அக்காமார் ரெண்டு மூன்று பேரிடம் பேசி வைத்திருக்கிறேன். ஒருவர் தன் அம்மாவின் பழைய கடைக் கணக்குப் புத்தகத்தை இன்னும் வைத்திருக்கிறார். படத்தில் காட்டலாம், ஆனால் வெளியே எடுத்துப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். சரி என்று உன் சார்பில் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கேமராவுக்கு மழை உறை வாங்கிக்கொண்டு வா, இங்கே பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கிடைப்பது ரெண்டு நாளில் கிழிந்துவிடும். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது, அந்த அக்காவிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா