மகா பரிசுத்த ஸ்தலத்தில் என்ன இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாகம ஆலயத்தை மனித உள்ளுணர்வின் வரைபடமாக வாசித்த கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். பிராகாரம் 'வெறும் சடங்கு', உள்ளே போகப்போக ஒளி கூடும், கடைசி உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலம் 'எண்ணமற்ற வெளி' என்கிறது அது. இந்த வாசிப்பு மிகப் பழையது. உலகம் கடவுளின் ஓர் ஆலயம், அறிவுள்ள ஆன்மா மற்றோர் ஆலயம் என்று அலெக்சாந்திரியா நகரத்து யூத அறிஞர் பிலோ முதல் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். ஆகவே உள்முக வாசிப்போடு எனக்குச் சண்டை இல்லை. கட்டடத்தைச் சரியாகப் பார்க்காமலே உருவகத்துக்குத் தாவிவிட்டதுதான் வருத்தம்.

சாலொமோன் கட்டிய ஆலயம் 60 முழ நீளம், 20 முழ அகலம். முன்பகுதி 40 முழம். அங்கே பொன் விளக்குத்தண்டுகள் 10. அதற்குள்ளே மகா பரிசுத்த ஸ்தலம்: நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 முழம். அதில் விளக்கு வைத்ததாக ஒரு வசனமும் இல்லை. பிராகாரத்தில் வெயில், உள்ளே விளக்கொளி, அதற்கும் உள்ளே இருட்டு. 'காரிருளிலே வாசம்பண்ணுவேன்' என்று கர்த்தர் சொன்னதை சாலொமோனே எடுத்துச் சொல்கிறான் (1 இராஜாக்கள் 8:12). உள்ளே போகப்போக ஒளி கூடும் என்று கட்டுரை சொல்வது தலைகீழ்.

அந்த இருட்டில் இருந்தது 'எண்ணமற்ற வெளி'யும் அல்ல. அங்கே வைத்த உடன்படிக்கைப் பெட்டிக்குள் இரண்டு கற்பலகைகள் இருந்தன (8:9). திருடாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே என்று, அடுத்தவனிடம் நடந்துகொள்ளும் விதம் அதில் பொறித்திருந்தது. ஆலயத்தை மனதாக வாசித்தால், மனதின் ஆழத்தில் அயலானும் இருக்கிறான் என்றுதான் வாசிக்க வேண்டும்.

பிராகாரத்தை 'வெறும் சடங்கு' என்று தள்ளவும் வழியில்லை. பிரதான ஆசாரியன் வருஷத்தில் ஒரே நாள், பொன்வேலை உடைகள் இல்லாமல் சணல்நூல் அங்கியோடு உள்ளே போவான். தூபகலசத்தில் போட வேண்டிய தணலைப் பிராகாரத்துப் பலிபீடத்திலிருந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும் (லேவியராகமம் 16:12). பலிபீடம் இல்லையென்றால் உள்ளே தூபமும் இல்லை.

கடைசியாக, 'நீங்கள் தேவனுடைய ஆலயம்' என்ற அப்போஸ்தலன் பவுலின் வசனம் (1 கொரிந்தியர் 3:16). இன்றைய பேச்சுத்தமிழ் காதோடு படித்தால் 'நீங்கள்' ஒருவருக்குச் சொன்ன மரியாதைச் சொல்லாகத் தெரியும். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் ஒருவருக்கு மரியாதை 'நீர்'; 'நீங்கள்' என்றால் பலர். கிரேக்கத்திலும் பன்மைதான். பலர் சேர்ந்து ஒரே ஆலயம். 'நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்' என்று போதகர்களின் பெயரால் பிரிந்து நின்ற கொரிந்து சபைக்கு எழுதியது அது. தனி மனிதனின் சரீரத்தைப் பற்றிப் பேசும் இடம் 6:19. அது வேறு விவாதம்.

தொடரின் அடுத்த பகுதியில் இந்த வசனம் வருமானால், 3:4 முதல் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை