இறந்தவர்களின் காட்சிகளை என்ன செய்வது?

ஆசிரியருக்கு,

வன்னியில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் பிரெஞ்சு-சுவிஸ் இயக்குநர் ழான் லுக் கோதாரும் ஆன் மாரி மியெவிலும் உருவாக்கிய 'இங்கேயும் வேறெங்கேயும்' (1976) படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1970இல் கோதாரும் ழான் பியர் கோரனும் பாலஸ்தீனப் போராளிகளைப் படம்பிடித்தார்கள்; சில மாதங்களிலேயே அவர்களில் பலர் ஜோர்தானில் கொல்லப்பட்டார்கள். மிஞ்சிய காட்சிகளை என்ன செய்வது என்பதுதான் படமே. மகனைப் போராட்டத்துக்குத் தருவேன் என்று பெருமையோடு நிற்கும் கர்ப்பிணி உண்மையில் கர்ப்பிணியே அல்ல, நடிக்க வைக்கப்பட்டவர் என்பதை மியெவிலின் குரல் படத்துக்குள்ளேயே போட்டுடைக்கிறது. 2009க்குப் பிறகு எங்கள் கையிலும் இறந்தவர்களின் ஒளிப்பதிவுகள் இருக்கின்றன. சோக இசை போட்டு ஒட்டிவிட்டால் சரி என்று விடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தமிழ் உபதலைப்புகளோடு இதைத் திரையிடுங்கள். அப்புறம் இளையவர்களைப் பேச விடுங்கள்.

வாசகர்,
கிளிநொச்சி