சேதுவுக்குச் சூடு தந்தவர்களுக்கு

நான் வளர்த்த தாடி ஓணான் (பியர்டட் டிராகன்) சேது இறந்துபோய்விட்டான் என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். மழை, கரண்ட் இல்லாத நாட்கள், அவன் கால்விரல் வீக்கம் என்று ஒவ்வொன்றையும் விசாரித்துக்கொண்டே இருந்தவர்கள் நீங்கள்தான். அதையெல்லாம் திரும்ப எழுத இப்போது தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிட வேண்டும். ஆறப்போட்டால் சொல்லாமலே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் ராமநாதபுரத்துக் கால்நடை மருத்துவர். நாள் முழுக்க ஆடும் மாடும் கோழியும் பார்க்கிறவர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தாடி ஓணானை அதற்கு முன் அவர் தொட்டதே இல்லை. "நமக்குப் பழக்கமில்லம்மா, வேற எங்கயாவது பாருங்க" என்று அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ சென்னையில் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் தன் வகுப்புத் தோழரை வீடியோவில் கூப்பிட்டார். அந்தப் பக்கமிருந்து சொல்லச் சொல்ல, சேதுவின் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சிறுநீரகம் தளர்ந்துவிட்டது, யூரிக் அமிலம் மூட்டுகளில் படிந்து வலிக்கிறது, 11 வயது இந்த இனத்துக்கு நல்ல முதுமை, குணமாக்க முடியாது, நோகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இதை அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று சொன்னார். அதற்குத் தனியாக ஒரு நன்றி, டாக்டர்.

இனி எங்கள் தெருமுனை டீக்கடை அண்ணன். இந்தக் கடிதமே முக்கியமாக அவருக்குத்தான். அவர் போனில் எதையும் படிக்கிறவர் இல்லை. மகள் படித்துக் காட்டுவாள் என்று நம்பி எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓணான் வகைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். சேது குளிர்காயும் இடத்தில் விளக்கு கிட்டத்தட்ட 40 டிகிரி சூடு தரும். அந்தச் சூடு உடம்பில் ஏறினால்தான் தின்றது செரிக்கும். உடம்பு குளிர்ந்திருக்கும்போது சிரிஞ்சில் உணவுக் கரைசல் ஊட்டினால் அது வயிற்றிலேயே கிடந்து கெட்டுப்போகும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி, காற்றும் மழையும் விடாமல் அடித்து, கரண்ட் போனபோது எனக்கு ஈரக்குலை நடுங்கியது அதனால்தான். நம் ஊர்க் குளிர் ஒன்றும் பெரிய குளிர் இல்லை. ஆனால் சீக்கு வந்த ஒரு கிழட்டு ஓணானுக்கு மூடாக்குப் போட்ட வானமே போதும்.

வீட்டில் சிலிண்டரும் தீர்ந்துபோன நேரம். டீக்கடைக்குப் போய் ஒரு பாட்டில் வெந்நீர் கேட்டேன். அண்ணன் கடையில் இன்னமும் கரி போடும் பாய்லர்தான். கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கொதிக்கும். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. நான் கொண்டுபோன பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். உள்ளே போய் நன்னாரி சர்பத் வந்த கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து வந்தார். விரிசல் விடாமல் இருக்க முதலில் வெதுவெதுப்பான தண்ணீரால் அலசி, பிறகு பாய்லர் குழாயைத் திறந்து நிரப்பி, மூடியை இறுக்கி, சாக்குத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். சாக்குக்கு மேல் நான் ஒரு துண்டையும் சுற்றினேன். சூடு அதிகமானாலும் ஓணானுக்குச் சட்டென்று விலகத் தெரியாது, தோல் வெந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். உள்மணிக்கட்டை வைத்துப் பார்த்துவிட்டு சேதுவை அதன்மேல் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் விலாவை இரண்டு பக்கமும் விரித்து, தோசை மாதிரி தட்டையாகி அந்தச் சூட்டோடு ஒட்டிக்கொண்டான். வலியில் கறுத்துக் கிடந்த தாடி ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. நான் அழுதுவிட்டேன்.

அடுத்த பாட்டிலுக்குப் போனபோதுதான் யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், "ஓணானுக்கா? ராமருக்குத் தாகம் எடுத்தப்ப அணில் எளநி குடுத்துச்சு, ஓணான் என்னத்தக் குடுத்துச்சுன்னு தெரியும்ல?" என்றார். ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதைதான். அந்தக் கதையைச் சொல்லித்தான் கல்லெறிவதும் சுருக்குப் போடுவதும். அண்ணன் பாட்டிலை நிரப்பிக்கொண்டே, "நானும் ஈர்க்குல சுருக்குப் போட்டு அடிச்சவன்தான் பெரியவரே. அதுக்குத்தான் இப்ப தண்ணி ஊத்துறேன்னு வச்சுக்கங்க" என்றார். பெரியவர் பதில் பேசவில்லை. பிறகு ஒருநாள் மழைக்குள் குடையோடு வந்து, தன் வீட்டுக் கரியில் ஒரு பை கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போனாராம். பெரியவருக்கும் என் கும்பிடு.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மீன்பிடிக்கக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்காத நாட்கள் அவை. படகு போகாவிட்டால் விடியற்காலை வியாபாரமே கிடையாது. தெருவில் வேறு கடை எதுவும் திறக்கவில்லை. அண்ணன் மட்டும் பாதிக் கதவைத் திறந்து வைத்து, பாய்லரை அணைய விடாமல் உட்கார்ந்திருந்தார். டீ குடிக்க ஆளில்லை. கரி எரிந்தது சேதுவுக்காக மட்டும்தான். நான் போவதற்குள் அவரே பாட்டிலைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்த நாட்களும் உண்டு.

காசு கொடுத்தேன். "தண்ணிக்குக் காசு வாங்குவாங்களாத்தா" என்று கையைத் தள்ளிவிட்டார். தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய சீமையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்கிறார். அவர் கடைக்கே நல்ல தண்ணீர் குடம் குடமாக விலைக்கு வருவதை தினமும் பார்க்கிறவள் நான்.

கடைசி நாள் காலையில் சேது விறைத்துக் கிடந்தான். போனில் டாக்டர், குளிர்ந்து கிடக்கும் ஊர்வன செத்ததுபோலவே தெரியும், சூடேற்றிப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள் என்றார். அண்ணன் பாட்டிலைக் கொண்டுவந்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆறியதும் எழுந்து போய் வேறு நிரப்பி வந்தார். அன்று மழை விட்டிருந்தது, கடைக்கு ஆட்கள் வந்திருப்பார்கள். "ஆள் வந்தா கூப்பிடுவாங்க, நீ பாரு" என்றார். சேதுவின் உடம்பு சூடானது, விலா அசையவில்லை. டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகு, வேலியோரம் குழி வெட்டியதும் அண்ணன்தான். நான் தனியாக அந்தக் காலையைக் கடந்திருக்க மாட்டேன்.

மற்றவர்கள் தனித்தனியாகச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். சப்பாத்திக்கள்ளிப் பழத்தை முள் நீக்கித் தோலுரித்துக் கொண்டுவந்த பிள்ளைகள், செம்பருத்தியும் முருங்கைக் கீரையும் பறித்துத் தந்த அக்காமார்கள், யூரிக் அமிலத்தைக் குறைக்க மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையை டாக்டர் எழுதிய அளவுக்குப் பொடித்துப் பொட்டலம் கட்டித் தந்த மருந்துக் கடைக்காரர், மதுரையிலிருந்து பத்திரமாக உணவுப் பொடியைக் கொண்டுவந்து சேர்த்த பஸ் கண்டக்டர், கொட்டும் மழையில் கம்பம் ஏறிய மின்வாரியத் தொழிலாளர்கள், ராத்திரி எந்நேரம் கேட்டாலும் பதில் போட்ட ஊர்வன வளர்க்கும் நண்பர்கள், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். சேது சறுக்கி விழாமல் நடக்கப் பனையோலையில் சொரசொரப்பாகத் தடுக்கு முடைந்து தந்த அப்பத்தா, அதை இன்னும் கழுவாமல் வைத்திருக்கிறேன். அவன் நகம் பட்ட கோடுகள் அதில் இருக்கின்றன.

சென்னையிலிருந்து இங்கே திரும்பி வந்தபோது, இந்தப் பிராணியை நம் ஊரில் எப்படிப் பார்ப்பார்களோ என்று கவலைப்பட்டவள் நான். அந்தக் கவலைக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

இன்னொரு தாடி ஓணான் வாங்குவாயா என்று கேட்கிறார்கள். இப்போது மனசில்லை. ஆனால் ஒன்று செய்யப் போகிறேன். சேதுவின் சாமான்கள் எதையும் விற்கப் போவதில்லை. சூடு தரும் விளக்கு, வெப்பமானி, கால்சியப் பொடி, ஊட்டும் சிரிஞ்சுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. புற ஊதா விளக்கு புதிதாக வாங்கியது. இந்த வகை விளக்கு கண்ணுக்கு எரிவது போலத் தெரிந்தாலும் சில மாதங்களில் சத்து குறைந்துவிடும் என்பதால் அதை இரவல் வாங்கினால் எப்போது வாங்கியது என்று தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம், ராமேஸ்வரம், கீழக்கரை, எந்த ஊரிலிருந்தாவது ஊர்வன வளர்க்கும் யாருக்காவது அவசரம் என்றால் வந்து எடுத்துப் போகலாம். கரண்ட் இல்லாத நேரமென்றால் டீக்கடை அண்ணனிடம் பாட்டில் தயாராக இருக்கும், நான் கேட்டுவிட்டேன். கரிக் காசு இனி என் கணக்கில். அதற்கு மட்டும் அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன்.