குடலை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு,

கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் குடலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தத் திசு குடல் சுவரிலும் ஒட்டி வளரும், மிக அரிதாக அதுவே புற்றுநோயாகவும் மாறும். சிக்கல் என்னவென்றால், இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே வருவதால், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாமல் போகலாம், பயாப்ஸி (திசுத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) எடுத்தாலும் சாதாரணக் குடல் புற்றுநோய் போலவே தோன்றலாம், அந்தத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை ஏற்கும் புரதம் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரியான கூடுதல் சோதனைகள் செய்தால்தான் பிரித்தறிய முடியும். கருப்பையை எடுத்தாயிற்று, அப்புறம் என்ன என்று இருப்பவர்களுக்கும் இது வரலாம், அதிலும் ஹார்மோன் சிகிச்சையாக, புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் சேர்க்காமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாக எடுத்துக்கொள்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பயமுறுத்த எழுதவில்லை. மலத்தில் ரத்தம், மலச்சிக்கல் என்று குடல் மருத்துவரிடம் போகும்போது பழைய எண்டோமெட்ரியோசிஸ் கதையையும் நாமே சொல்லிவிடுவது நல்லது, அவர் கேட்காமல் விடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி