வார்னிங்கின் வாயை அடைக்கும் பேட்ச்கள்

லினக்ஸின் மையமான கெர்னலைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களுக்கு,

வணக்கம். விளக்கம் எதுவும் இல்லாமல், "வார்னிங் நீக்கம்" என்ற தலைப்போடு மட்டும் வரும் பேட்ச்களை (நிரல் திருத்தங்களை) ஏற்காதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். நானும் அப்படி அனுப்பியவன்தான்.

வன்பொருளை இயக்கும் நிரலான ஒரு டிரைவரின் தொடக்க ஃபங்ஷனில் 'ரெட்' என்று ஒரு மாறி. ஏதோ ஒரு வழியில் அதற்கு மதிப்பே தராமல் வெளியேற வாய்ப்பிருக்கிறது என்று, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வார்னிங் கொடுத்து முனகியது. அறிவித்த இடத்திலேயே 'ரெட் = 0' என்று எழுதினேன். வார்னிங் போயிற்று, பேட்சும் உள்ளே போயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, அது நினைவக ஒதுக்கீடு தோற்றுப்போகும் வழி. அங்கே, நினைவகம் இல்லை என்னும் பிழைக்குறியான 'மைனஸ் இநோமெம்' திரும்பியிருக்க வேண்டும். நான் வைத்த 0-வுக்கு கெர்னலில் 'வெற்றி' என்று பொருள். அழைத்த ஃபங்ஷன் அதை நம்பி, இல்லாத பஃபரை (நினைவக இடத்தை) தொடப் போகும். பிழைக்குறி விடுபட்ட இடங்களை ஸ்மாட்ச் என்ற சோதனைக் கருவி தனியாகத் தேடுவதால் பிடிபட்டது. இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. அந்த 0 இருக்கும்வரை, நாளைக்கு வேறொருவர் புது வழி சேர்த்து மதிப்பு தர மறந்தாலும் கம்பைலர் வாய் திறக்காது.

கருவிகள் சொல்வதெல்லாம் வேதம் இல்லை. ஜிசிசி கம்பைலரின் 'மேபி அன்இனிஷியலைஸ்ட்' (மதிப்பு தராமல் இருக்கலாம்) வார்னிங் வீணாகக் கத்துகிறது என்று 2020-இல் வழக்கமான பில்டிலிருந்து அதை எடுத்தீர்கள். சரி. அதே ஆண்டில் 'அன்இனிஷியலைஸ்ட் வார்' மேக்ரோவையும் தூக்கினீர்கள். மாறிக்கு அதன் மதிப்பையே கொடுத்துக் கம்பைலரை ஏமாற்றும் வித்தை அது, போனதே நல்லது.

ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவி இன்னும் ஆபத்தான இடம். பயனர் நிரல் தந்த பாயிண்டரை (நினைவக முகவரியை) நேரடியாகத் தொடுகிறாய் என்று அது சொன்னால், 'ஃபோர்ஸ்' என்ற குறி சேர்த்து காஸ்ட் செய்ததும் (வகையை மாற்றியதும்) அடங்கிவிடும். ஆனால் 'காப்பி ஃப்ரம் யூசர்' ஃபங்ஷன் வழியாக, சோதித்து வாங்க வேண்டிய தரவை கெர்னல் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளும்.

முறையாகச் செய்த வேலையும் நம்மிடமே இருக்கிறது. 2019-இல், 5.3 பதிப்பில், சுவிட்சின் ஒரு கேஸ் பிரேக் இல்லாமல் அடுத்ததற்குள் வழிவதைச் சொல்லும் ஃபால்த்ரூ வார்னிங்கைக் கெர்னல் முழுக்க இயக்கினீர்கள். அதற்கு முன் சுவிட்ச் சுவிட்சாகப் படித்து, வேண்டுமென்றே விட்டதா, பிரேக் போட மறந்ததா என்று பார்த்தார்கள். மறந்த பிரேக்குகள் நிஜமாகவே சிக்கின.

ஆகவே, கருவி காட்டிய வழி எது, அது நடக்கக்கூடியதா என்பதை பேட்ச் அனுப்புபவர் எழுதாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். நடக்கவே முடியாது என்றால் அந்தக் காரணத்தைக் கேளுங்கள். எண்ணிக்கையைக் குறைக்க அவசரப்படாதீர்கள். வார்னிங் ஒன்று கூடுதலாகக் கிடந்தால் குடி முழுகிவிடாது.

என் பழைய பேட்சைத் திருத்தி இன்னொன்று அனுப்பியிருக்கிறேன். 'ரெட்' மறுபடி மதிப்பில்லாமல் தொடங்குகிறது. ஒதுக்கீடு தோற்கும் இடத்தில் 'மைனஸ் இநோமெம்' இருக்கிறது. அதையும் இதே கண்ணோடு பார்த்துவிட்டு எடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டிரைவர் எழுத்தாளன்